சாத்தேயும் சதையும்: ஒரு சொல்லாய்வு



ஜாவா வழிவந்த மக்கள் பலர் வாழும் மேரு வட்டாரத்தில் சாத்தேயை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘சாத்தே என்பது நம் சதையே’ என்று தமிழ் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெருமையோடு சொல்லப்படுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆங்கில அகராதிகள் சிலவும் ‘சதை’யை மூலமாக இருக்கக்கூடிய சொல் என்று குறிக்கின்றன. அக்கூற்றின் வலிமையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கோழியையோ மாட்டிறைச்சியையோ விரல் நுனியளவு துண்டுகளாக்கி, மஞ்சள், மல்லி, சீரகம், சிறிய வெங்காயம், பூண்டு, அரத்தை, செரை எனும் எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் அரைப்பில் உப்பும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைப்பர். பின்னர்க் குச்சியில் நெருக்கமாகக் கோப்பர். தென்னை ஈர்க்கிலும் கோத்ததுண்டு. இன்று மூங்கிற்குச்சியே பெருவழக்கு. குச்சி கருகாதிருக்க அதனை முன்பே நீரில் நனைப்பர். சுடர் எழாத கரித்தணலில் இட்டு, விசிறிக்கொண்டே திருப்புவர். நுனி நசுக்கிய செரைத் தண்டினால் எண்ணெய் தடவுவர். தண்டே தூரிகையாகி மணமும் ஊட்டும். வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரி, வெங்காயம், கெத்துப்பாட் ஆகியவை துணை. வேர்க்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிராதலின், ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே அக்குழம்பு தோன்றியிருக்க முடியும். காஜாங்கில் 1917இல் ஜாவாவிலிருந்து வந்தோரால் இவ்வணிகம் தொடங்கப்பட்டதாகக் கூறுவர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ் வல்லினம் உயிர்களுக்கிடையே தனித்து வருங்கால் மெலிந்து, ஒலிப்புடை ஒலியாகிறது. இரட்டித்து வருங்கால் ஒலிப்பிலா ஒலியாகவே நிற்கிறது. ‘கடை’, ‘கட்டில்’ இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். மலாய் மக்களின் செவி இவ்வேறுபாட்டை நுட்பமாகப் பற்றியுள்ளது. ‘கடை’ என்பது ‘கெடாய்’ எனவும், ‘முதல்’ என்பது ‘மோடல்’ எனவும் ஒலிப்புடை ஒலியோடு சென்றன. ‘கட்டில்’ என்பது ‘காத்தில்’ எனவும், ‘பெட்டி’ என்பது ‘பெத்தி’ எனவும் ஒலிப்பிலா ஒலியோடு சென்றன. இம்முறைப்படி ‘சதை’ சென்றிருந்தால், ‘மோடல்’ என்பதில் உள்ள ஒலியே அதன் நடுவில் கேட்க வேண்டும். சாத்தேயில் கேட்பதோ ‘காத்தில்’ என்பதில் உள்ள ஒலி.

முதலெழுத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சுருட்டு, சம்மட்டி ஆகியவை மலாயில் ‘பச்சை’ என்பதிற்போன்ற வல்லொலிச் சகரத்தோடு வழங்குகின்றன. சாத்தே உரசொலியோடு தொடங்குகிறது. பொருளிலும் இடைவெளி உண்டு. சமைக்கும் ஊனை நாம் கறி, இறைச்சி என்போம். ‘சதை’ பெரிதும் உடற்றசையையும் பழத்தின் உள்ளீட்டையும் சுட்டும். அச்சொல்லும் ‘தசை’ என்பது எழுத்து நிலைமாறியதால் அமைந்தது என்பதை இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

‘சதை’க்குச் சார்பான சான்று ஒன்றும் உண்டு. மலாயில் ‘சாத்தாய்’ என்ற வடிவமும் வழங்குகிறது. ‘கடை’, ‘கெடாய்’ ஆகியவற்றின் ஈற்றுறவை அது நினைவூட்டுகிறது. ஆகவே ‘சதை’ மூலமாக இருக்கக்கூடும், ஆனால் மெய்ப்பிக்கப்படவில்லை. இதுவே நேர்மையான முடிவு. ஹொக்கியன் மொழியில் ‘மூன்று துண்டு’ என்னும் தொடரே இப்பெயராயிற்று என்பாரும் உளர். ஒவ்வொரு சமூகமும் இச்சொல்லில் தன் மொழியையே கேட்கிறது. ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

அப்படியாயின் நமக்கு இவ்வுணவில் உறவே இல்லையா எனக் கேட்கலாம். கோலிற் கோத்துச் சுடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், அவன் அளித்த விருந்தில் கோலிற் சுட்ட கொழுத்த ஊன்துண்டுகளைப் பொருநன் உண்கிறான். சூடு தாளாது வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றி உண்கிறான். அந்தக் கோலுக்குப் புலவர் முடத்தாமக்கண்ணியார் இட்ட பெயர் ‘காழ்’. இதைக்கொண்டு சாத்தே தமிழகத்திலிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாகாது. தீயும் கூரிய கோலும் இருந்த இடமெல்லாம் மனிதர் இவ்வாறு சுட்டிருப்பர். ஆயினும் ‘காழ்’ நம்முடையது என்பதில் ஐயமில்லை. நூற்சான்று நம் கையில் இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, பல்லின மாணவர் பழகும் நாடு இது. வகுப்பறையில் நாம் சொல்லும் ஒரு சொற்பிறப்பை நம் மாணவர் மலாய் நண்பரிடமோ சீன நண்பரிடமோ சொல்வர். அங்கு அது மறுக்கப்பட்டால், கெடாய், மோடல், காத்தில் போன்ற உறுதியான சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். உறுதியானதை உறுதியாகவும், ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கலாம்’ என்றும் கற்பிப்போம். மாணவர்களே, அடுத்த முறை சாத்தே உண்ணும்போது ‘சதை’யைத் தேடுவதோடு, கையிலிருக்கும் குச்சிக்குக் ‘காழ்’ என்றும் பெயருண்டு என்பதை உடனிருப்போருக்குச் சொல்லுங்கள்.