வேட்டுச் சத்தமும் மூளையின் வயரிங்கும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எலெக்ட்ரிகல்காரன் மூளையைப் பத்தி என்னப்பா பேசப்போறான்?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது, அண்ணே.

ஆறு வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஆலையில் என் கண்ணெதிரே மின் பேனல் ஒன்று வெடித்தது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் இறந்துபோனார். எனக்குக் கையில் சின்னக் காயம்தான். பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாசி மகத்துக்கு எங்கள் ஊர் திருக்கோஷ்டியூருக்கு வந்தேன். தெப்பக்குளக் கரையெல்லாம் விளக்கு. முதல் வேட்டுப் போட்டதும் என் பெண்ணின் கையை உதறிவிட்டுத் தரையில் படுத்துவிட்டேன். குழந்தை அழுதது; ஊரே பார்த்தது. அதற்கு முன்பே பல மாதமாகத் தூக்கமில்லை. அதே காட்சி, அதே கருகல் வாடை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அப்பத்தாதான் சொன்னது: "திருநீறு போட்டாச்சு, இனி டாக்டர்கிட்டயும் காட்டுங்கப்பா."

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்றார் மருத்துவர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல்தான் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

நமக்குப் புரியும் பாஷையில் சொல்கிறேன். அமிக்டலா என்பது மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவிலுள்ள அலாரம் ரிலே. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை, 'இது வெறும் வேட்டு' என்று அதை அடக்கும் கன்ட்ரோல் ரூம். ஹிப்போகேம்பஸ், எது எங்கே எப்போது நடந்தது என்று குறிக்கும் லாக் புக். இந்நோய் கண்டவர்களிடம் அலாரம் மிஞ்சியும், முன்மூளையின் பிடி தளர்ந்தும் இருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் பல காட்டியுள்ளன. லாக் புக்கில் தேதி அழிந்ததுபோல, பழைய விபத்து இப்போது நடப்பதாகவே உடம்பு நினைக்கிறது. ஆனால் இவை பலபேரின் சராசரி. ஒருவரின் ஸ்கேனை மட்டும் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது.

பேனல் வயரிங் தானாக மாறாது. மூளையின் இணைப்புகளோ பழகப் பழக மாறும். மருத்துவர் துணையோடு, பாதுகாப்பான இடத்தில், அந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை. எனக்குப் பல மாதம் பிடித்தது.

அதிர்ச்சி கண்ட எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை, பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், மக்களின் துயரைக் காதுகொடுத்துக் கேட்கத் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே படுகிறது என்று எழுதினார். மருந்தும் அங்கே வேண்டும் அல்லவா?

ஆகவே மீள்திறன் என்பது இரும்பு மனசு அல்ல. ஆள் துணையும் சேர்ந்தது. அதற்காக மறுநாளே "சொல்லு, சொல்லு" என்று குடைவதும் உதவாது. பக்கத்தில் இருங்கள். பேசும்போது கேளுங்கள்.

இறந்தவரின் வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. அவர் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் தம்பி, இத்தனை நாளா வரலை?" இன்றும் என்னிடம் பதில் இல்லை.

பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, இராமானுசர் கோபுரம் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது எங்கள் ஊர் வரலாறு. மறைக்கச் சொன்னதையே அவர் சொன்னார். யாரும் மறைக்கச் சொல்லாததை நான் ஏன் மறைத்தேன்?

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் சைட்டுக்குப் போவீர்கள். ஹெல்மெட்டோடு 14416 என்ற எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.