மேகம் உண்டு, மழை இல்லை



ஆனி, ஆடி மாதங்களில் உவரிக் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால், மலை இருக்கும் திசை முழுக்க இருண்டு கிடக்கும். தலைக்கு மேலேயும் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். மணலில் வலையை விரித்து அதன்மேல் நெத்திலி காயப் போட்டிருப்பார்கள். வானத்தைப் பார்த்துப் பயந்து யாரும் அதை அள்ள ஓடுவதில்லை. இந்த மேகம் பெய்யாது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் பெய்வதில்லை?

நீராவி கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்று மேலே ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும், காற்றில் மிதக்கும் உப்புத்துகள், தூசி இவற்றின் மேல் நீராவி படிந்து நுண்துளி ஆகிறது. அந்தத் துளிகளின் கூட்டம்தான் மேகம். ஒரு துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மழைத்துளி ஒன்று உருவாக இப்படி ஏறத்தாழ பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். அதற்குக் காற்று விடாமல் மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். உவரியில் ஈரத்துக்கும் குறைவில்லை, உப்புக்கும் குறைவில்லை. ஆடியில் இங்கே இல்லாதது அந்த ஏற்றம்.

ஏற்றம் மலையில் நடந்து முடிந்துவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும்போதே பெரும்பகுதி ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கிலும் ஊத்திலும் மழை விடாது பெய்வதும், குற்றாலத்தில் சாரல் அடிப்பதும், பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வருவதும் அந்த நாட்களில்தான். மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றோ நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறுகிறது. சூட்டில் பெரும்பாலான மேகத்துளிகள் மறுபடி ஆவியாகிவிடும். நமக்கு வந்து சேர்வது பெய்யாத மிச்ச மேகமும் காற்றும்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான். தேரிக்காட்டில் செம்மணலை வாரி இறைப்பதும் இதுவே. 

ஐப்பசியில் நிலைமை மாறும். காற்று வடகிழக்கிலிருந்து வங்கக்கடலின் ஈரத்தோடு நேராக நம் கரைக்கு வரும். அப்போது மேகத்தின் உருவத்தைக் கவனியுங்கள். காலையில் சிறுசிறு குவியலாக நிற்கும் திரள் மேகம், பிற்பகலில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்து, உச்சி கொல்லன் பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாகப் பரவினால் அது கார்திரள் மேகம். இடியும் மின்னலுமாகக் கொஞ்ச நேரம் கொட்டித் தீர்க்கும். அதன் கீழே கடலில் படகு நிற்கக் கூடாது. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகி, சூரியன் இருக்கும் இடமே தெரியாவிட்டால் அது கார்படை மேகம். நின்று நிதானமாக, மணிக்கணக்கில் பெய்யும்.

இனி வானிலை அறிக்கைக்கு வருவோம். அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் மழை இருக்காது. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும். 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தால் கனமழை. பன்னிரண்டை நெருங்கினால் மிக கனமழை. இருபதைத் தாண்டினால் அதி கனமழை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்து சொல்வார்கள். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 400 லிட்டர் தண்ணீர்.

இந்தக் கணக்கோடு 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்கு சுழற்சி, ஈரக்காற்றைக் கடலிலிருந்து இழுத்து இழுத்து நம் பக்கம் தள்ளியது. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. ஒரு சென்டுக்கு 38,000 லிட்டர்! ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில் விழுந்தது. மலையிலும் பெய்தது, சமவெளியிலும் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மழையைவிட முக்கியமானது காற்று. ஆடியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று' என்று அறிவிப்பு வரும். மழையே இல்லையே, இதற்கு எதற்கு எச்சரிக்கை என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். வானம் வெளுத்திருப்பதற்கும் காற்றின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வந்த அதே காற்றுதான் கடலில் அலையை எழுப்புகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் உருவானபோது, குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பல வீடுகளுக்கு ஆட்கள் திரும்பி வரவே இல்லை. ஆகவே பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு மட்டுமல்ல, கரை திரும்பும் நாள் வரைக்குமான முன்னறிவிப்பைக் கேட்டுவிட்டுப் படகைத் தள்ளுங்கள். இடையில் புதிய எச்சரிக்கை வந்தால், வயர்லெஸ்ஸில் எட்டுகிற தூரத்தில் உள்ள அடுத்த படகுக்கும் அதைச் சொல்லுங்கள்.