எழுத்தின் மாறுவேடம்

ஆவடி செல்லும் மின்சார ரயிலில், தேர்வுக்குப் பயிலும் இளைஞர் ஒருவர் என்னருகே அமர்ந்திருந்தார். ‘மரம்’ என்பது ‘யலய்’ எனில் ‘படம்’ யாது? இது வினா. மகரம் யகரமானதை மட்டும் கண்டு, அவர் ‘படய்’ என எழுதினார்.

“தம்பி, ரகரம் என்னவாயிற்று?” என்றேன். உற்று நோக்கினார், லகரம்! மெய்வரிசையில் ஒவ்வோர் எழுத்தும் அடுத்த நிலையத்தில் இறங்கியிருந்தது. ‘மணய்’ எனத் திருத்தினார்.

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் மூன்றெழுத்துத் தள்ளி மறைமடல் வரைந்தார். அம்பத்தூரில் ஏறியவர் திருமுல்லைவாயில், அண்ணனூர் கடந்து ஆவடியில் இறங்குவது போல.

ஓரெழுத்துத் தருவது ஊகமே. எல்லா எழுத்தும் ஒத்தால்தான் அது விதி. கடிகாரம் விரட்டினும் இச்சோதனையைக் கைவிடாதீர்கள்.