சொந்தக் கூரை வேண்டும்

(கோலா சாவா தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



"லயத்து வீட்டுக்கு வாடகை இல்லையே, நமக்கென்ன குறை?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வாடகை இல்லைதான். ஆனால் வேலை போனால் வீடும் போகிறதே! பாட்டன் பால் மரம் வெட்டினார், தகப்பனும் வெட்டினார், மகனும் வெட்டினான். மூன்று தலைமுறை குடியிருந்தும் ஒரு செங்கல்கூட நமதாகவில்லை.

தேச வருமானத்தில் உழைப்பின் பங்கு குறைந்து, சொத்தின் பங்கு பெருகுகிறது என்று பிரெஞ்சுப் பேராசிரியர் தாமஸ் பிக்கெட்டி எழுதினார். அந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பயின்ற மாத்தியூ ராக்ன்லி இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார். பணக்கார நாடுகளில் 1948-க்குப் பின் சொத்தின் பங்கு உயர்ந்ததற்குப் பெருங்காரணம் ஆலையோ இயந்திரமோ அல்ல, வீடுதான் என்று அவர் கண்டார்.

அது அந்நாட்டுக் கணக்கு. நம் சிரம்பான் பக்கம் பாருங்கள். ரப்பர் நின்ற மண்ணில் வீட்டு வரிசைகள் எழுந்தன. மண்ணின் விலை ஏறிற்று. அந்த ஏற்றம் நிலத்துக்கு உடையவரைச் சேர்ந்தது. மரம் வெட்டியவரைச் சேரவில்லை. கூலி உயர்வுக்குப் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். ஆனால் கூலி மாதக் கடைசியில் கரைந்துவிடும். வீடோ பிள்ளைகளுக்கும் நிற்கும்.

1966, 1990-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை வகுத்தன. அதை நமக்கு உடைமையாக்கவில்லை.

நம்மால் முடியாததா? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தவணையில் கட்டிய பங்குப் பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று!

ஆதலின் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று: ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க இடமுண்டு. ஓய்வு வயது வரை காத்திராமல், சம்பளம் வரும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். முதுமைக்கும் மிச்சம் வைத்தே எடுங்கள்.

இரண்டு: தனியாள் சேமிப்பு மட்டும் போதாது. தோட்டம் கைமாறும் முன்பே, அங்கு உழைத்தவருக்குச் சொந்த வீடு என்ற நிபந்தனை எழுத்தில் வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறச் சங்கத்தில் ஒன்றுபட்டு நில்லுங்கள்.