அடுக்குக்குறி உணர்த்தும் பொருள்
(உரையின் எழுத்து வடிவம்)

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அரிசியும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. அங்கே கூட்டலும் பெருக்கலுமே போதும். எண்ணின் தலைமேல் சிறிதாக எழுதப்படும் அடுக்குக்குறியின் இயல்பு வேறு. இரண்டின் மூன்றாம் அடுக்கு யாது என வினவினால், ஆறு என விடையிறுக்கும் மாணவர் பலர். சரியான விடை எட்டு. பெருக்கப்படும் எண் அடிமானம். அது எத்தனை முறை பெருக்கப்படுகிறது என்பதைக் கூறுவதே அடுக்கு.

கொச்சிக்குத் தெற்கே அம்பலப்புழைக் கோயிலில் வழங்கும் கதை இதனை நன்கு விளக்கும். கண்ணன் முனிவர் உருவில் வந்து அரசனைச் சதுரங்கத்தில் வென்றான். முதற் கட்டத்தில் ஒரு மணி அரிசி, அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டிப்பு என்பதே அவன் கேட்ட பந்தயம். கடனைத் தீர்க்க இயலாத அரசன் நாள்தோறும் பால்பாயசம் படைக்க இசைந்தானாம்.

முதற் கட்டத்தில் இரட்டிப்பு நிகழவில்லை; ஆயினும் ஒரு மணி உண்டு. இரண்டின் சுழி அடுக்கு ஒன்று என்பதன் பொருள் இதுவே. பாடநூல்கள் இதனை வெறும் விதியாகக் கூறி நகர்ந்துவிடுவது வருந்தத்தக்கது. பதினோராம் கட்டத்தில் 1,024 மணிகள். கிலோவுக்கு 50,000 மணி எனத் தோராயமாகக் கொண்டால், இருபத்தொன்றாம் கட்டத்தில் சுமார் 21 கிலோ. ஓர் ஆள் எளிதில் சுமந்து செல்லலாம். முப்பத்தொன்றில் 21 டன், லாரி தேவைப்படும். 64 கட்டங்களின் மொத்தம், இரண்டின் அறுபத்து நான்காம் அடுக்கில் ஒன்று குறைவு. உலகின் இன்றைய ஆண்டு அரிசி விளைச்சலைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு அது.

திட்டமிடுவோர்க்கு இது கதையன்று. 1961-71இல் கேரள மக்கள்தொகை 26.29 விழுக்காடு பெருகி 2.13 கோடியாயிற்று. அவ்வேகம் நான்கு பத்தாண்டுகள் நீடித்திருந்தால் 2011இல் தொகை என்னவாகியிருக்கும்? விழுக்காட்டை நான்கு முறை கூட்டுவோர் 4.4 கோடி என்பர். 1.2629இன் நான்காம் அடுக்கால் பெருக்கினால் 5.4 கோடி. இடைவெளி ஒரு கோடி மக்கள். அவர்களுக்குரிய உணவுப் பங்கீடும் பள்ளிகளும் கணக்கில் விடுபட்டுப் போகும்.

உண்மையில் 2011 கணக்கெடுப்பு காட்டியது 3.34 கோடியே. பெண்கல்வி, மருத்துவ வசதி, குடும்பநலப் பணி ஆகியவற்றால் பிறப்பு குறைந்தது. வெளிநாடு சென்றோரும் பலர். பத்தாண்டுப் பெருக்கம் 19.24, 14.32, 9.43, 4.91 விழுக்காடு எனப் படிப்படியாக இறங்கிற்று. அடிமானம் ஒவ்வொரு முறையும் மாறியதால் இதனை ஒரே அடுக்காக எழுத இயலாது. 1.1924, 1.1432, 1.0943, 1.0491 ஆகியவற்றைத் தனித்தனியே பெருக்கியே 3.34 கோடியை அடைய வேண்டும்.