மரம் காப்பவர் யார்?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இன்னிசையும் நாடகமும் கண்டு களிக்கக் கூடியிருக்கும் இவ்வவையில், இடையே சில நிமிடங்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் கற்றறிந்த புலவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றது. இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, பேரேடுகளைப் புரட்டியே காலங்கழித்து வருபவன். ஆதலின் இலக்கிய நயம் எடுத்துரைக்க என்னால் இயலாது. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த அஸ்ஸாம் மண்ணிலே, நமக்கு மிக அருகிலேயே, எளிய மக்கள் செய்துவரும் ஓர் அரும்பணியைப் பற்றிச் சொல்லலாம் என்றே வந்து நிற்கிறேன்.

மரங்களையும் காட்டுயிர்களையும் காக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், 'அரசாங்கம்' என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். வனத்துறை இருக்கிறது, 1972ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவை வேண்டியவையே. எனினும், ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் மரத்துக்கு ஒரு காவலரை நிறுத்தச் சட்டத்தால் ஆகுமோ? கோடரி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது; மரமும் அவருடையதே. அம்மரத்தின்மேல் கூடு கட்டிய பறவை பிழைப்பதும் மடிவதும் அவர் மனத்தைப் பொறுத்ததன்றோ?

இதற்கு நம் காமரூப மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. பிரம்மபுத்திரையின் வடகரையிலே தாதரா, பசரியா, சிங்கிமாரி என்னும் சிற்றூர்கள் உள்ளன. அங்கே 'ஹர்கிலா' என்னும் பெரிய நாரை வாழ்கிறது. எலும்பை விழுங்குவது என்பது அப்பெயரின் பொருள். நின்றால் ஏறத்தாழ 5 அடி உயரம். சிறகை விரித்தால் 8 அடி அகலம். தலையிலும் கழுத்திலும் இறகில்லை. கழுத்தின் முன்னே ஒரு பை தொங்கும். அழகிய பறவை என்று எவரும் சொல்லார். அழுகிய இறைச்சியும் எலும்பும் அதற்கு உணவு.

ஒரு காலத்திலே இப்பறவை கல்கத்தா மாநகரின் தெருக்களிலும் மாடங்களிலும் கூட்டங்கூட்டமாக இருந்தது. குப்பைகளைத் தின்று நகரைத் துப்புரவாக்கியமையால், கல்கத்தா நகராட்சி தன் பழைய முத்திரையிலேயே இதன் உருவைப் பொறித்து வைத்தது. பின்னர் அங்கிருந்து அடியோடு மறைந்தது. இன்று உலகத்திலே இது கூடு கட்டி வாழும் இடங்கள் மூன்றே. அஸ்ஸாம், பீகாரில் பாகல்பூர்ப் பக்கம், கம்போடியா நாடு. அவற்றுள்ளும் அஸ்ஸாமே முதலிடம்.

இத்தகைய அரிய பறவையை ஊரார் போற்றினார்களா என்றால், இல்லை. அது ஊருக்குள்ளே வீட்டுத் தோட்டங்களில் உயர்ந்து நிற்கும் கடம்ப மரத்திலும் இலவ மரத்திலும் கூடு கட்டும். எச்சம் முற்றத்திலே விழும். குஞ்சுக்குக் கொணர்ந்த இறைச்சித் துண்டு கிணற்றடியிலே விழும். நாற்றமோ சொல்லி முடியாது. அபசகுனப் பறவை என்னும் எண்ணமும் இருந்தது. ஆதலின் கல்லெறிந்தார்கள், புகை மூட்டினார்கள், இறுதியில் மரத்தையே வெட்டினார்கள்.

2007ஆம் ஆண்டிலே, உயிரியல் ஆராய்ச்சி மாணவியாகிய பூர்ணிமா தேவி பர்மன் என்னும் அம்மையார், தாதராவில் அவ்வாறு ஒரு மரம் வெட்டப்பட்டு, குஞ்சுகள் தரையில் விழுந்து கிடந்ததைக் கண்டார். மரத்துக்கு உடையவரைக் கேட்டபோது, அவரும் அண்டை அயலாரும் அம்மையாரையே ஏளனம் செய்தார்கள். அம்மையார் இரட்டைப் பெண்குழந்தைகளின் தாய். தம் பட்டத்துக்கான ஆராய்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, அவ்வூரார் மனத்தை மாற்றுவதையே முதற்பணியாகக் கொண்டார். பட்டத்தை அவர் பெற்றது 2019இலே தான் என்றால், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் சென்ற வழியைத் தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். அவர் எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. பெண்கள் கூடும் இடங்களுக்குச் சென்றார். சமையற் போட்டி நடத்தினார். வழிபாட்டு இடங்களிலே பேசினார். நம் வீடுகளிலே கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பும் சீமந்தமும் செய்கிறோமல்லவா? அஸ்ஸாமியரிடத்தும் அத்தகைய சடங்கு உண்டு. குஞ்சு பொரிக்கும் பருவத்திலே அச்சடங்கை அந்தப் பறவைக்கே பெண்கள் பாட்டுப் பாடிச் செய்தார்கள்! தாயாகப் போகும் ஒருத்திக்குச் சீர் செய்த கை, பிறகு அவள் வீட்டை இடிக்குமோ? இதுவே அம்மையார் கண்ட நுட்பம்.

'ஹர்கிலா சேனை' என்று அப்பெண்கள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். இன்று அச்சேனையிலே 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். கூடுள்ள மரங்களின் கீழே வலை கட்டி, தவறி விழும் குஞ்சுகளைக் காக்கிறார்கள். தறியிலே கமோசாவும் மேகலாவும் நெய்து, அவற்றிலே பறவையின் உருவத்தைப் பின்னி விற்று வருவாயும் பெறுகிறார்கள். நாளைய கூடுகளுக்காக இன்றே மரக்கன்று நடுகிறார்கள்; அவ்வாறு நட்டவை 45,000 என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு குறித்திருக்கிறது.

பலன் யாது? கணக்குப் பார்ப்பவன் என்ற முறையிலே எண்களையே சொல்கிறேன். தொடக்கத்திலே அம்மூன்று ஊர்களிலும் இருந்த கூடுகள் 28. இப்போது 250க்கும் மேல். 2022இலே ஐக்கிய நாடுகளின் அவ்வமைப்பு தன் உயரிய விருதை அம்மையாருக்கு வழங்கிற்று. 2023இலே, உலக அளவில் இப்பறவைக்கு இருந்த அபாயத்தின் தரம், 'அழியும் நிலை' என்பதிலிருந்து இரண்டு படி குறைத்து எழுதப்பட்டது. இத்தனைக்கும் காரணம், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு 'இது எங்கள் பறவை' என்று சொல்லத் தொடங்கிய குடும்பங்களே.

மரம் நடுதலில் தனியொருவர் ஆற்றல் எத்துணைப் பெரிது என்பதற்கும் இம்மாநிலத்திலேயே ஒருவர் இருக்கிறார். ஜோர்ஹாட் அருகே, கோகிலாமுக் என்னும் ஊரையடுத்த ஆற்று மணல்மேட்டிலே, 1979இல் வெள்ளம் வடிந்த பின், நிழலின்றி வெயிலிலே பாம்புகள் மடிந்து கிடந்தனவாம். மிசிங் பழங்குடியைச் சேர்ந்த ஜாதவ் பாயேங் என்னும் இளைஞர் அதனைக் கண்டு மனம் நொந்து, மூங்கில் நட்டார். பின்னர் பல வகை மரங்களை நட்டார். மாடு மேய்த்துப் பாலை விற்றுப் பிழைத்துக்கொண்டே நட்டார். இன்று அம்மணல்மேடு ஏறத்தாழ 1,360 ஏக்கர்க் காடாக நிற்கிறது. யானைக் கூட்டம் வந்து தங்குகிறது. 2015இலே அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

மற்றொன்று, நம்மில் பலர் பணியின் நிமித்தம் திமாப்பூர் வழியே சென்றறிந்த நாகாலாந்திலே நிகழ்ந்தது. அமூர் வல்லூறு என்னும் சிறு பறவைகள் சைபீரியப் பகுதியிலிருந்து புறப்பட்டுத் தென்னாப்பிரிக்கா வரை பறப்பவை. அக்டோபர், நவம்பர் மாதங்களிலே வோக்கா மாவட்டத்துத் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் தங்கி இளைப்பாறும். 2012ஆம் ஆண்டில் அவை வலையில் சிக்கி, நாளொன்றுக்குப் பன்னீராயிரத்துக்குக் குறையாமல் கொல்லப்பட்டன என்னும் செய்தி உலகை உலுக்கிற்று. மறு ஆண்டிலோ அங்கே கொலை நிகழவில்லை! பாங்டி முதலிய ஊர்களின் மன்றங்களே கூடித் தடை விதித்தன. திருச்சபையினர் அறிவுரை கூறினர். வலை விரித்தவர்களே காவலர் ஆயினர். அவ்வாண்டு மூன்று பறவைகளுக்குக் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டுப் பறக்க விட்டார்கள். தன் ஊரின் பெயரைச் சுமந்து பறவை கடல் கடக்கிறது என்றால், அவ்வூரார் அதனை விருந்தினராகவே கருதுவார் அன்றோ?

அன்பர்களே, இஃது நமக்குப் புதிய நெறியுமன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியை நம் ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம் என்பதைக் கண்டவர்கள் அவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798இலேயே மாவட்டக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு உரிமை பெற்றனர். சிவகங்கைச் சீமையிலே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டனர். பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளைகள் அவ்வூரிலும் இருப்பார்கள். ஆயினும் ஊர் கட்டுப்படுகிறது.

இவை அனைத்திலும் பொதுவாக யான் காண்பது ஒன்று. பறவையால் தொல்லையுற்றவரே அதனைக் காத்தவரும் ஆவர். தொலைவிலிருந்து அன்பு செலுத்துதல் எளிது. முற்றத்தில் எச்சம் விழும்போது பொறுத்தலே அறம்.

இனி நம் காலனிக்கு வருகிறேன். விளையாட்டுத் திடலின் ஓரத்திலே நிற்கும் மூன்று கடம்ப மரங்களைப் பற்றி நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மழைக்காலந்தோறும் கொக்குகள் அங்கே கூடு கட்டுகின்றன. அவை மீண்டும் வருமுன், இப்பனிக்காலத்திலேயே மரங்களை வெட்டிவிட வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கையெழுத்திட்டவர்களைக் குறை கூற யான் இங்கு நிற்கவில்லை. அவர்கள் துன்பம் மெய்யானது. துவைத்து உலர்த்திய துணி மீண்டும் அழுக்காகிறது. மீன் நாற்றம் வீட்டினுள் வருகிறது. அவ்வரிசையிலே மூச்சிரைப்புள்ள முதியவர் ஒருவரும் இருக்கிறார்.

எனினும் ஒன்று கேட்கிறேன். மாற்றல் உத்தரவு பெற்று, பெட்டி படுக்கையும் பிள்ளைகளுமாக ஓர் ஊரில் வந்திறங்கி, குவார்ட்டர்ஸ் இல்லை என்று தெரிந்து திகைத்து நின்ற அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? வைகாசியிலே வந்திறங்கும் அக்கொக்குகள் மரத்தைக் காணாமல் அவ்வாறே நிற்கும். அவற்றுக்கு முறையிட அலுவலகமும் இல்லை. மேலும், கடம்பு நம் முருகப் பெருமானுக்குரிய மரம்; மதுரைக்கே கடம்பவனம் என்று பெயர். நாம் வரும்போது கொண்டுவராத அம்மரம் இங்கே நமக்கு முன்னரே நின்று நிழல் தந்தது.

ஆதலின் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, துணி உலர்த்தும் கொடிகளை, கூடுள்ள நான்கு மாதங்களுக்கு மட்டும், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்வோம். இரண்டாவது, மரத்தடியை வாரம் ஒருமுறை கூட்டிச் சுண்ணாம்பு தூவுவதைச் சங்கத்து இளைஞர்கள் முறை வைத்து ஏற்கட்டும். மூச்சுத் துன்பமுள்ள பெரியவரின் சாளரத்துக்கு வலைத்திரை அடித்துத் தரும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். சருகும் எச்சமும் கலந்த மண்ணை நம் வீட்டுக் கத்தரிக்கும் அவரைக்கும் இட்டால், பயன் கைமேல் தெரியும். மூன்றாவது, வேலியோரம் இடம் காலியாகக் கிடக்கிறது. இவ்வாண்டு மழை தொடங்கியதும் வீட்டுக்கொரு கன்று நடுவோம். ஆனால் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடலாகாது. அக்குடும்பம் மாற்றலாகிச் சென்றால், வீட்டுச் சாவியை ஒப்படைப்பதுபோல, அக்கன்றுக்கு நீர் வார்க்கும் பொறுப்பையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நாம் இங்கே நிலைத்திருக்க வந்தவர்கள் அல்லோம் என்று சிலர் கூறலாம். உண்மையே. ஓய்வு பெற்றதும் நம்மிற் பலர் ஊர் திரும்புவோம். ஆயினும் இம்மண்ணின் அரிசியை உண்டோம். இதன் நீரைப் பருகினோம். நம் குழந்தைகள் இங்கே பிறந்து, அஸ்ஸாமியும் தமிழும் ஒருங்கே பேசி வளர்கிறார்கள். 'தமிழர் இருந்த காலனியிலே மரம் தழைத்தது' என்று பின்வருவோர் சொல்வாராயின், அது நமக்கும் பெருமை. நம் மொழிக்கும் பெருமை.

விண்ணப்பத் தாளில் இன்னும் கையெழுத்திடாதவர்கள் பலர் இருக்கிறார்கள். விழா முடிந்து இல்லம் திரும்பும்போது, அம்மூன்று மரங்களின் கீழே சற்றே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்னர் முடிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.