சண்டேசுவரர் காக்கும் கணக்கு

(திருக்குட நன்னீராட்டு விழா நிறைவை ஒட்டித் திருப்பணிக் குழுவினர் முத்தையாபுரத்தில் கூட்டிய அன்பர் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

யாகசாலையில் எழுந்த மறையொலியும் திருமுறை ஒலியும் இன்னும் நம் செவியை விட்டு நீங்கவில்லை. விமானக் கலசத்தின்மேல் புனித நீர் சொரிந்த வேளையில், உப்பளத்து வேலையை ஒருநாள் விட்டு வந்து கைகூப்பி நின்ற தாய்மார்களின் கண்ணீரை நாம் எல்லோரும் கண்டோம். அச்சிறப்பை விரித்துரைக்க வல்லார் இங்குப் பலர் உளர். அடியேனுக்கு இடப்பட்ட பணி வேறு. திருப்பணிக்காகக் கூடிய குழு, விழா முடிந்ததும் கலைந்து விடாமல், நந்தவனம், அன்னதானம், திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் அடியார்க்குத் தண்ணீர்ப் பந்தல், எளிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆகியவற்றை நடத்தும் நிலையானதொரு சபையாக அமைய இருக்கின்றது. அதன் நிருவாகிகள் ஊதியம் பெறாத் தொண்டர்கள். அவர்கள் கடமை யாது என்பது பற்றிப் பேசுக என்றனர்.

சென்ற கூட்டத்தில் நிகழ்ந்ததை மறைக்க வேண்டுவதில்லை. இளைஞர் ஒருவர் எழுந்து, "வரவு செலவுக் கணக்கு என்றைக்கு வாசிக்கப்படும்?" என்று வினவினார். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சாரத்தின் கீழ் நின்று வேலை வாங்கிய பெரியவர் ஒருவர் முகம் வாடிப்போனார். "ஒரு காசு கூலி வாங்காமல் உழைத்தவனையா கணக்குக் கேட்கிறீர்கள்?" என்றார். அவையில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. இருவரும் நல்லவர்கள், இருவருக்கும் கோயில்மேல் அன்பு உண்டு. ஆயினும் அவ்வினா முறையானது என்பதே அடியேன் துணிபு. அதற்குச் சான்று நம் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றது.

சிவன் கோயிலை வலம் வருவோர் கருவறைக்கு வடபால் சண்டேசுவரர் திருமுன் நின்று மெல்லக் கைதட்டிச் செல்வதைக் காண்கிறோம். அவர் தியானத்தில் இருக்கிறார், எழுப்புகிறோம் என்று சிறுவர்க்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பெரியோர் கூறும் பொருள் வேறு. சிவன் சொத்தில் எதனையும் எடுத்துச் செல்லவில்லை, இதோ என் கைகள் வெறுங்கைகள் என்று இறைவனுடைய கணக்கரிடம் காட்டிச் செல்வதே அக்கைதட்டல். கோயிலுக்குக் கொடுத்தவனும் அங்கே கைவிரித்துக் காட்டுகின்றான். ஒன்றுமே கொடாதவனும் காட்டுகின்றான். நான் கொடையாளி, என்னை ஏன் சோதிக்கிறீர் என்று எவரும் சண்டேசுவரரோடு வழக்காடுவதில்லை!

அவருக்கு அப்பதவி வந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியிருக்கிறார். சேய்ஞலூரில் தோன்றிய விசாரசருமர், ஊரார் பசுக்களை மேய்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து, பசுக்கள் தாமே சொரிந்த பாலை ஆட்டி வழிபட்டார். பிறர் பசுவின் பாலை இவன் மணலில் கொட்டி வீணாக்குகின்றான் என்று ஊரில் முறையீடு எழுந்தது. அன்பர்களே, நாம் விரைந்து கடந்து செல்லும் இடம் இது. பிறர் உடைமையைப் பொறுப்பேற்றவர்மேல் எழுந்த முறையீடு அது. உண்மையில், உரியவர் வீட்டில் பசுக்கள் கறந்த பாலில் ஒரு துளியும் குறையவில்லை என்று புராணம் தெளிவாகச் சொல்கிறது. அளந்து பார்த்தால் தேறும் தூய்மை அவருடையது. பின்னர், பால் நிறைந்த குடங்களைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தனையும் அவர் பொறுக்கவில்லை. கோல் மழுவாயிற்று. அச்செயலின் கடுமையை ஆய்வது இன்றைய பொருளன்று. இறைவனுக்குரிய பொருளின் முன் உறவு நிற்கவில்லை. அதன் பின்னரே தொண்டர்க்குத் தலைமை கிடைத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமான் தம் கையால் அவர் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தைக் கண்டவர்கள் இத்தலைமையின் பெருமையை உணர்வர்.

இது வெறும் புராணமாக நின்றுவிடவில்லை; நடைமுறையும் ஆயிற்று. சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் விற்றவர் ஆதி சண்டேசுவரருக்கு விற்றதாகவே கல்லில் வெட்டினர். தஞ்சைப் பெரிய கோயிலின் பொன்னும் காசும் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடன் கொடுத்தவர் யார்? சண்டேசுவர தேவர்! பேரரசன் கட்டிய கோயிலின் கொடுக்கல் வாங்கலும் தொண்டர் ஒருவர் பெயரால் நடைபெற்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1906ஆம் ஆண்டில் இதே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், முதல் 10 இலட்சம் ரூபாய். அன்று 25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்கியவன் கையில் பத்திரம் ஒன்று இருந்தது. என் பணம் என்னவாயிற்று என்று கேட்க அவனுக்கு உரிமையும் இருந்தது. இலாபம் வருமா என்ற கவலை அவனைக் கேட்கவும் தூண்டியது. நம் உண்டியலில் 25 ரூபாய் இட்ட உப்பளத் தாயின் கையில் என்ன இருக்கிறது? அவளுக்குப் பங்கும் இல்லை, இலாபமும் இல்லை. இட்டதை மறந்துவிடுவதே புண்ணியம் என்று கருதுபவள் அவள். அறச் சபைகளுக்கு உள்ள இடர் இதுவே. கேட்பதற்கு உரியவர் கேட்க மாட்டார். இறைவனோ பேசுவதில்லை. கோயிலில் எழுந்தருளியுள்ள திருமேனியைச் சட்டம் உடைமைக்கு உரியதொரு ஆளாக ஏற்கிறது. ஆயினும் தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ள இயலாத மைனரைப் போலக் கருதி, காப்பாளரிடம் ஒப்படைக்கின்றது. மைனர் சொத்தை ஆளும் காப்பாளன் கூலி பெறாதவன் என்பதால் கணக்கினின்று விடுபட முடியுமா? கேட்போர் இல்லாத இடத்தில் கணக்கைத் தாமே முன்வந்து காட்டுவதற்கன்றோ அவன் அமர்த்தப்பட்டான்?

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த குடவோலை முறையை மேடைதோறும் புகழ்கிறோம். புகழட்டும். அடியேன் நெஞ்சைத் தொடுவது அதன் பின்னே வரும் விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வாரியத்தில் அமரக் கூடாது. அவன் மட்டுமா? சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மருகன் என்று உறவினர் பட்டியலே கல்லில் நீள்கின்றது, அவர்களும் கூடாது. கணக்கு எழுதினவனுக்கும் ஒரு விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்கள்முன் காட்டித் தூயவன் எனத் தேற வேண்டும்; வேறு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் ஆகாது. பதவிக் காலமோ 360 நாள். ஒருமுறை இருந்தவன் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அவர்களும் ஊருக்குத் தொண்டு செய்தவர்களே. கணக்கை அவமதிப்பாக அவர்கள் எண்ணியிருந்தால், தங்களைக் கட்டும் விதியைத் தாங்களே கூடிக் கோயிற் சுவரில் வெட்டியிருப்பார்களா?

அச்சபையில் நிலமும் மறைக் கல்வியும் உடைய அந்தணர்க்கே இடம் இருந்தது. நிலத்தில் உழைத்தவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை, பின்பற்றவும் கூடாது.

நம் பாண்டி நாட்டிலும் இத்தகைய கல்வெட்டு உண்டு. திருநெல்வேலியை அடுத்த மானூரில், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்துப் பாண்டியர் கல்வெட்டு ஊர்ச் சபையில் அமர்வோர்க்குத் தகுதிகள் வகுப்பதோடு, ஒரு தண்டமும் விதிக்கின்றது. எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக் காரியம் நடவாமல் தடுப்பவனுக்கும், அவனுக்குத் துணை நிற்பவனுக்கும் ஐந்து காசு! இன்றைய சங்கங்களில் இத்தண்டம் வாங்கினால் நந்தவனத்துக்கு மதில் எழுப்பிவிடலாம். இளைஞர்களும் இதனைக் கருத வேண்டும். கணக்குக் கேட்பது வேறு. கூட்டத்தை நடக்கவொட்டாமல் செய்வது வேறு. வினவியவர் விடை கேட்கவும் அமர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு பொறுப்பைத் தாம் ஏற்கவும் முன்வர வேண்டும்.

இனி, நம் கடற்கரையில் விளங்கிய முறை ஒன்றைச் சொல்கின்றேன். மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்து முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இவ்வளைகுடாவின் இலங்கைக் கரையில் நடந்த சலாபத்தில், படகு கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டிக் குளியாட்களே மூன்று குவியல்களாகப் பகிர்வார்கள். அரசாங்க அதிகாரி வந்து அவற்றில் இரண்டைத் தேர்ந்துகொள்வார், எஞ்சியது குளியாட்களுக்கு. பகிர்பவன் ஒருவன், தேர்பவன் மற்றொருவன். எக்குவியலை அவர் எடுப்பார் என்று தெரியாதாகையால் பகிர்பவன் கை தானே நேர்மையாகும். அரசுக்கு இரண்டு பங்கு நியாயமா என்பது வேறு வழக்கு. சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ எவருக்கும் தெரியாது. தெரியாத பொருளையும் சண்டையின்றிப் பகிர அம்முறை உதவிற்று. சபையிலும் பணம் கொடுக்க ஒப்புதல் அளிப்பவர் ஒருவராகவும், காசோலையில் கையெழுத்திடுபவர் மற்றொருவராகவும், பொருளைச் சரிபார்த்து வாங்குபவர் மூன்றாமவராகவும் இருக்கட்டும். ஒருவரையும் ஐயுறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பின்னாளில் ஐயம் எழும்போது நல்லவரைக் காக்க ஒரு சான்று வேண்டுமே!

ஊர்ப் பொதுப் பணத்தால் ஆகக் கூடியது எவ்வளவு என்பதற்குத் தென்பாண்டிச் சீமையின் மகமையே போதிய சான்று. வணிகர் மூட்டைக்கு இவ்வளவு என்று தாமே விதித்துக்கொண்டு உறவின்முறையிடம் செலுத்தினர். கோயிலும் கிணறும் பள்ளியும் அதனால் எழுந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889இல் அவ்வாறு எழுந்தது. வீடுதோறும் நாளொரு பிடி அரிசி ஒதுக்கிவைத்துத் தாய்மார்கள் அதனைத் தாங்கினார்கள். பெருந்தலைவர் காமராசர் கல்வி பயின்றது அப்பள்ளியிலேதான். ஒரு பிடி அரிசிக்கு யார் கணக்குப் பார்ப்பார் என்று அன்றைய நிருவாகிகள் எண்ணியிருந்தால், மறுநாள் அந்தப் பிடி அரிசி வந்திருக்குமா?

சட்டம் சொல்வதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்காக இயற்றப்பட்டதாயினும், அதன் நெறி பொதுவானது. டிரஸ்டியானவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கருத்தோடு காப்பாரோ அவ்வளவு கருத்தோடு ஒப்படைக்கப்பட்ட பொருளையும் காக்க வேண்டும். வேறு ஏற்பாடு இல்லாதவிடத்துத் தம் உழைப்புக்கு ஊதியம் பெறும் உரிமை அவருக்கு இல்லை. இவ்விரண்டையும் அச்சட்டம் சேர்த்தே சொல்கின்றது. நம் சபையைப் பதிவு செய்யவிருக்கும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமோ, நிருவாகக் குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும் என்கிறது. மூன்றாண்டு முடிந்தபின் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. உத்தரமேரூரார் இதனினும் கடுமையானவர்கள்!

சபைக்கு இறுதியாகச் சில வேண்டுகோள்கள். திருப்பணிக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்து முடித்தபின், பெரிய எழுத்தில் எழுதிச் சண்டேசுவரர் திருமுன்னுக்கு எதிர்ச் சுவரில் வைக்க வேண்டும். இலட்சம் கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறிவிட்டது. பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக வந்த தொகை மொத்தம் எவ்வளவு என்பது அச்சுவரில் முதல் வரியாக இருக்கட்டும். செங்கல், சிமெண்டு, ஸ்தபதியார் கூலி, அன்னதானம், மின்விளக்கு ஆகிய செலவுகளும், கையிருப்பும், தரவேண்டிய பாக்கியும் அதன்கீழ் வரட்டும். எழுத்து அறியாத தாய்மார்களுக்காக அதனை ஒருமுறை உரக்க வாசிக்கவும் வேண்டும். கணக்கை எழுதியவரே வாசிக்கட்டும். குழுவில் உப்பளத்தில் உழைக்கும் பெண்மணி ஒருவருக்கேனும் இடமளிக்க வேண்டும்.

பொதுக்குழுவை எந்நாளில் கூட்டுவது என்று கேட்டீர்கள். சித்திரை, வைகாசியில் வேண்டாம். அப்போது உப்பு வாருவோர் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடுவர், மாலையில் களைத்துக் கிடப்பர். ஐப்பசியில் மழை பிடித்து உப்பளம் ஓய்ந்த பிறகு, கார்த்திகையில் ஒரு மாலை வேளையில், இதே மண்டபத்தில் கூட்டுங்கள். அறிவிப்பை ஒரு மாதம் முன்னதாக உப்பளத்துக் கொட்டகைகளிலும் ஒட்டி வையுங்கள்.